ஒரே குழலில் 23 கெட்டிப்பு: கெட்டிஸ்பர்க் துப்பாக்கிகளும் சிக்கிய குண்டை எடுக்கும் வழியும்

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் ஊரைச் சுற்றி அமெரிக்க உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டை நடந்தது. ஓய்ந்தபின் வயலிலும் வேலியோரத்திலும் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி வாஷிங்டனில் இருந்த ராணுவ ஆயுதக் கிடங்குக்கு அனுப்பினார்கள். மொத்தம் 27,574. அங்கே ஒவ்வொன்றாகச் சோதித்தபோது ஏறக்குறைய 24,000 துப்பாக்கிகளில் மருந்து கெட்டித்தபடியே இருந்தது. ஒரு தடவை சுடத் தேவையான மருந்தையும் குண்டையும் ஒரு கெட்டிப்பு என்று வைத்துக்கொண்டால், அந்த 24,000-இல் பாதியில் இரண்டு கெட்டிப்பு. கால்வாசியில் மூன்றிலிருந்து பத்து வரை. மீதிக் கால்வாசியில்தான் முறைப்படி ஒன்றே ஒன்று. ஒரு துப்பாக்கியில் மட்டும் 23. ஒன்றன்மேல் ஒன்றாக, வரிசை பிசகாமல்.

கெட்டிஸ்பர்க் என்ற பெயரில் கெட்டிப்பு இப்படி வந்து உட்கார்ந்துகொண்டதே என்று தமிழில் படிக்கிறவருக்குச் சிரிப்பு வரலாம். கிடங்கில் அந்தக் குழல்களைக் காலி செய்ய உட்கார்ந்த ஆட்களுக்கு வந்திருக்காது.

வாய்வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி நமக்குப் புதிதல்ல. நாட்டுத் துப்பாக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். கோவில் திருவிழாவில் அதிர்வேட்டுக் குழாயில் கருமருந்தைப் போட்டுச் செங்கல் தூளை இடித்துக் கெட்டிப்பதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்ததுதான். குழலின் அடிப்பக்கம் மூடியிருக்கும். மருந்தும் குண்டும் மேல்வாய் வழியாகப் போய், அதே வாய் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். நெருப்பு மட்டும் அடியில் ஒரு பொடித் துளை வழியாக நுழையும். அந்த இடத்துக்குத் தமிழில் பற்றுவாய் என்று அழகான பழைய சொல் ஒன்று உண்டு. கெட்டிஸ்பர்க் காலத்துத் துப்பாக்கியில் அந்த இடத்தில் ஒரு சிறு இரும்புக் கூம்பு இருக்கும். அதன் தலையில் செம்புக் கேப்பு ஒன்றைச் செருகிவிட்டுச் சுத்தியலை விழவிட்டால் கேப்பு வெடித்து, பொறி கூம்பின் துளை வழியாக அடியில் உள்ள மருந்தில் போய் விழும்.

சரி, அந்த 23-க்கு வருவோம். அது ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கி. குழலின் நீளம் 40 அங்குலம், அதாவது 101.6 சென்டிமீட்டர். உள்விட்டம் 0.58 அங்குலம். ஒரு தோட்டாவில், அதாவது மருந்தும் குண்டும் சுற்றிய காகிதப் பொட்டலத்தில், 60 கிரெயின் மருந்து, கிராமில் சொன்னால் கிட்டத்தட்ட 3.9. அதன்மேல் 32 கிராம் எடையில் அடியில் குழிவுள்ள ஈயக் குண்டு. அந்தக் குழலுக்குள் மருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும், குண்டு இரண்டரை. குழிவுக்குள் கொஞ்சம் மருந்து புகுந்துகொள்ளும் என்று கழித்தாலும் ஒரு கெட்டிப்புக்கு நாலு, நாலரை சென்டிமீட்டர் வேண்டும். 23-ஆல் பெருக்கினால் குழல் ஏறக்குறைய வாய்வரை நிறைந்துவிடுகிறது. இது என் கணக்கு. கிடங்கில் யாரும் அளவுகோல் வைத்து எழுதியதாக நான் சொல்லவில்லை.

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டால் அந்தச் சிப்பாயின் கை கண்முன் வந்துவிடுகிறது. கெட்டிக்கிற கம்பி ஏறக்குறைய குழலின் நீளம்தான் இருக்கும். முதல் கெட்டிப்பில் அது நுனி தவிர முழுக்க உள்ளே போகும். பத்தாவதில் பாதிக் கம்பி வெளியே நிற்கிறது. இருபதாவதில் பெயருக்குத்தான் உள்ளே நுழைகிறது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. அல்லது பார்த்தும் அது தலைக்குள் ஏறவில்லை. கம்பி ஒவ்வொரு தடவையும் ஒரு கெட்டிப்பு அளவுக்கு உயர்ந்து, உள்ளே வேறென்னவோ இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? கொல்ல மனம் வராத சிப்பாய்கள் சுடுவதுபோல் பாவனை செய்து திரும்பத் திரும்பக் கெட்டித்தார்கள் என்று ஒரு விளக்கம் பிரபலம். எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. கொல்ல மனமில்லாதவன் துப்பாக்கியை இரண்டு விரல் உயர்த்தி வானத்தைச் சுட்டுவிட்டுப் போகலாம், பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. இன்னொன்று: களத்தில் கிடந்தவை செத்தவர்களும் காயம்பட்டவர்களும் ஓடியவர்களும் போட்டுவிட்டுப் போனவை. வெடிக்க மறுக்கும் துப்பாக்கியைத்தான் முதலில் தூக்கி எறிவார்கள். அதனால் இந்த 27,574-ஐ வைத்து மொத்தப் படையையும் எடை போட முடியாது.

இயந்திரக் காரணம் எளிது. கேப்பு ஈரமாக இருந்தாலோ, கூம்பின் துளை கரி படிந்து அடைத்திருந்தாலோ, பதற்றத்தில் கேப்பைச் செருகவே மறந்தாலோ, விசையை இழுக்கும்போது அடியில் உள்ள மருந்து பற்றாது. தோளில் உதை விழவில்லையே என்று நிதானத்தில் இருக்கிறவருக்குத் தெரியும். பக்கத்துத் துப்பாக்கி காதோரம் வெடித்துக்கொண்டிருக்கும்போது, புகையில் எதிராளியே தெரியாதபோது, ஒன்பது அசைவுகளாக மனப்பாடம் செய்த கெட்டிப்புப் பயிற்சி தன்பாட்டுக்குக் கையை ஓட்டிக்கொண்டு போய்விடும். சில குழல்களில் குண்டு அடியிலும் மருந்து மேலேயும் இருந்தன. சிலவற்றில் காகிதத் தோட்டாவைக் கிழிக்காமல் முழுசாக இறக்கியிருந்தார்கள். காகிதத்துக்குள் மூடிக்கிடக்கும் மருந்துக்குப் பொறி போய்ச் சேருவதே சந்தேகம்.

நெருப்பு வருவது அடியிலிருந்து மட்டும்தான் என்பதால், அடிக் கெட்டிப்பு செத்துக்கிடந்தால் அதற்கு மேலே எத்தனை அடுக்கினாலும் எல்லாமே வெறும் சுமை. ஆனால் கூம்பின் கரியைக் குத்தி எடுத்துவிட்டு யாராவது புதுக் கேப்பு ஒன்றைச் செருகி, அடி மருந்து பற்றிக்கொண்டுவிட்டால், 3.9 கிராம் மருந்து 32 கிராம் குண்டைத் தள்ளுவதற்குப் பதிலாக முக்கால் கிலோ ஈயத்தைத் தள்ள வேண்டும். மேலே இருக்கும் மருந்துகளும் சேர்ந்து பற்றலாம். குழல் தாங்காது.

ஒரே ஒரு குண்டு பாதி வழியில் நின்றுவிட்டாலும் கதை ஏறத்தாழ இதேதான். மருந்து அடியில், குண்டு நடுவில், இடையில் காற்று. பார்வைக்கு இது சின்னக் கோளாறுபோல் இருக்கும். மருந்து வெடித்ததும் வாயு அந்த இடைவெளியில் வேகமெடுத்து ஓடி, அசையாமல் நிற்கும் குண்டில் போய் மோதுகிறது. அழுத்தம் அந்த ஓரிடத்தில் மட்டும் எகிறுகிறது. நல்ல காலமாக இருந்தால் குழல் அந்த இடத்தில் மோதிரம் போட்டதுபோல் வீங்கி நிற்கும். இல்லையென்றால் பிளக்கும். சிக்கினால் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்களிடம் முதலில் இந்த இடைவெளியைத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

சுடாமல் குண்டை எடுக்கும் கருவி 1863-லேயே இருந்தது. கம்பியின் ஒரு முனையில் திருகுமரை வெட்டியிருப்பார்கள். அதில் இரண்டில் ஒன்றைப் பொருத்தலாம். சுருண்ட இரட்டை முள் போன்ற ஒன்று, துணியையும் காகிதத்தையும் பிடித்து இழுக்க. கூர்மையான திருகாணி போன்ற இன்னொன்று, ஈயத்துக்குள் திருகி இறக்கிக் குண்டை இழுக்க. 20 துப்பாக்கிகள் உள்ள ஒரு பெட்டியில் சுருள் முள் 20 வைத்து அனுப்பினார்கள், குண்டு இழுக்கும் திருகு இரண்டே இரண்டு. பத்துப் பேருக்கு ஒன்று. சண்டைக்கு நடுவில் அது யார் பையில் இருக்கிறது என்று யார் தேடுவார்கள்?

அணிவகுப்பில் துப்பாக்கி காலியா என்று பார்க்க இன்னும் எளிய வழி வைத்திருந்தார்கள். சிப்பாய் இரும்புக் கம்பியைக் குழலுக்குள் விடுவார். காலிக் குழலென்றால் கம்பி அடி இரும்பில் போய் ணங் என்று மோதித் துள்ளும். மருந்தோ குண்டோ இருந்தால் தொப் என்று சத்தம் அமுங்கிவிடும். அதிகாரி குனிந்து உள்ளே பார்க்கவே தேவையில்லை, காதிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் கம்பியை ஒருவரும் உள்ளே விட்டுப் பார்க்காததால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு பீரங்கி இருக்கிறது. 1780-இல் நியூயார்க்கின் கிழக்கு ஆற்றில் மூழ்கிய ஹுஸ்ஸார் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது என்று சொல்லப்படும் பீரங்கி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்ட்ரல் பூங்காவுக்கு வந்து சேர்ந்து, பல பத்தாண்டு மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. 1996-க்குப் பிறகு உள்ளே எடுத்து வைத்தார்கள். 2013 ஜனவரியில் துரு நீக்கும் வேலை நடந்தபோதுதான் உள்ளே கருமருந்து ஏறத்தாழ 800 கிராமும், அதை அடைத்த பஞ்சுப் பொதியும், குண்டும் இருப்பது தெரிந்தது. வேலையாட்கள் கையை எடுத்துவிட்டுக் காவல்துறையை அழைத்தார்கள். வெடிகுண்டுப் பிரிவு வந்து மருந்தை அகற்றியது. இருநூறு வருஷம் கழித்தும் மருந்து செத்திருக்கவில்லை. எத்தனை குழந்தைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுத்திருப்பார்களோ.

கருமருந்து அப்படித்தான். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10. காற்றும் ஈரமும் புகாமல் இறுக அடைத்துவிட்டால் வருஷம் அதை ஒன்றும் செய்வதில்லை. தண்ணீர்தான் அதன் எதிரி, வெடியுப்பு தண்ணீரில் கரைந்துவிடும். அதற்காக ஒரு தடவை நனைத்தது போதும் என்றும் நம்பக் கூடாது. உப்பு கரைந்து வெளியேறாமல் அங்கேயே காய்ந்தால் மறுபடி பற்றக்கூடும்.

பரணிலோ பழைய வீட்டிலோ ஒரு துப்பாக்கி கிடைத்தால், கடலிலோ வயலிலோ பழைய பீரங்கிக் குண்டு கிடைத்தால், கீழே சொல்லப்போவது எதுவும் உங்களுக்கானதல்ல. அந்தப் பூங்கா ஆட்கள் செய்ததைச் செய்யுங்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே குற்றம் என்பது வேறு.

உரிமத்தோடு, தான் கெட்டித்த துப்பாக்கியில் தானே சிக்கலை உண்டாக்கிக்கொண்டவர் என்ன செய்ய வேண்டும்? அமெரிக்கச் சுடுகளங்களில் அடிக்கடி நடப்பதையே எடுத்துக்கொள்வோம். 0.50 அங்குலக் குழல், சக்கிமுக்கிக் கல் வைத்த நீளத் துப்பாக்கி. எண்ணெய் தடவிய துணி வில்லையில் சுற்றிய 0.490 அங்குல ஈயக் குண்டு. பேச்சு சுவாரஸ்யத்தில் மருந்து போட மறந்து குண்டை இறக்கிவிட்டார். அல்லது போட்டார், ஆனால் முந்தைய சூடுகளின் கரி படிந்து குண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. இரண்டில் எது என்று அவருக்கே தெரியவில்லை.

முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. விசையை இழுத்தும் வெடிக்காத துப்பாக்கியில் பொறி உள்ளே கனன்றுகொண்டிருந்து தாமதமாக வெடிக்கலாம். குறைந்தது ஒரு நிமிஷம் குழலை மண்மேட்டை நோக்கியே வைத்திருக்க வேண்டும். அப்புறம் பற்றுவாய்க்கு வெளியே, கல்லின் பொறி விழும் சிறு கிண்ணத்தில் உள்ள மருந்தைத் துடைத்துவிட வேண்டும், கேப்பு வகையென்றால் கேப்பை எடுத்துவிட வேண்டும். இதற்குப் பிறகும் அது வெடிக்கக்கூடிய துப்பாக்கிதான். குழல் வாய்க்கு நேராக முகமோ கையோ வரக் கூடாது.

அடுத்தது அளவு. கம்பியை மெதுவாக உள்ளே விட்டு, நின்ற இடத்தில் குழல் வாயோடு ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் குண்டு எங்கே நிற்கிறது என்று விரல் அகலத் துல்லியத்தில் தெரிந்துவிடும். பழகிய ஆட்கள் கம்பியில் முன்னாலேயே இரண்டு கோடு போட்டு வைத்திருப்பார்கள், காலிக் குழலுக்கு ஒன்று, சரியாகக் கெட்டித்த குழலுக்கு ஒன்று. நம்மவரின் கம்பி காலிக் கோட்டுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டர் மேலே நின்றால், அது குண்டின் பருமன் மட்டுமே. அடியில் மருந்து இல்லை. அதற்கும் உயரே நின்றால் மருந்து இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அதைக் கொன்றுவிட்டுத்தான் அடுத்த காரியம். மேல்வாயில் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, துணி சுற்றிய குண்டு நல்ல மூடிபோல் தடுத்துவிடும். அடியில் பற்றுவாய் வழியாக, ஊசியில்லாத மருந்துச் சிரிஞ்சால் நிறையத் தண்ணீர் செலுத்தி ஊற விட வேண்டும்.

மருந்தே இல்லாமல் குண்டு அடியில் உட்கார்ந்திருக்கிறது என்று அளவு உறுதியாகச் சொன்னால், இருப்பதிலேயே சுலபமான வழி பற்றுவாய்த் துளையில் சிட்டிகை மருந்தைத் துளித்துளியாகத் தட்டி உள்ளே இறக்கி, குண்டைக் கம்பியால் மறுபடி அழுத்தி அந்த மருந்தின்மேல் இறுக உட்காரவைத்து, மண்மேட்டில் சுட்டுவிடுவது. நடுவில் உள்ள அந்த அழுத்தும் வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாவிட்டால் மேலே சொன்ன இடைவெளியை நாமே உண்டாக்கியதாகிவிடும். குண்டு பாதி வழியில் நின்று, கீழே தள்ளினாலும் நகராவிட்டால் இந்த வழி கிடையவே கிடையாது.

இப்போது களங்களில் பரவலாக இருப்பது சிறு கார்பன் டை ஆக்சைடு குப்பி பொருத்திய கருவி. பற்றுவாயில் வைத்து அழுத்தினால் வாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ளும். டப் என்று குண்டு பறந்து வெளியே வரும், கூடவே நனையாத மருந்து இருந்தால் அதுவும் தூளாகப் பறக்கும். நெருப்பில்லாததால் இது விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், வெளியே வருவது அதே ஈயக் குண்டுதான். எந்தத் திசையில் சுடுவீர்களோ அந்தத் திசையில்தான் இதையும் செய்ய வேண்டும்.

கருவி கைவசம் இல்லை என்றால் 1863-இன் அதே திருகாணி. இதற்கு மரக் கம்பி ஆகாது. மரம் நாரோட்டத்தில் சாய்வாக முறிந்து உள்ளங்கையைக் குத்திக் கிழித்துவிடும். குறுக்குப் பிடி வைத்த எஃகுக் கம்பி வேண்டும், திருகாணி குழலின் நடுவிலேயே நிற்கப் பித்தளைக் காப்பு ஒன்றும் வேண்டும். மேல்வாயில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துணியை ஊறவைக்க வேண்டும். பிறகு அழுத்திக்கொண்டே திருகினால் முதலில் நுனி ஈயத்தின்மேல் வழுக்கும். சற்று நேரத்தில் கையில் ஒரு கனம் தெரியும், வெல்லக்கட்டியில் கத்தி இறங்குவதுபோல. அங்கிருந்து நாலைந்து சுற்று. அவசரப்பட்டு ஒன்றிரண்டு சுற்றிலேயே இழுத்தால் திருகாணி ஈயத்தைப் பிய்த்துக்கொண்டு தனியே வரும், அடுத்த தடவை பிடிக்க நல்ல ஈயம் மிஞ்சாது. இழுக்கும்போது கம்பியின் குறுக்குப் பிடியை ஒரு கவைக்குள் மாட்டிவிட்டு, துப்பாக்கியைக் கட்டைப் பக்கம் பிடித்துப் பின்னால் இழுப்பார்கள். குண்டு முதலில் அசையாது. அசைந்தபின் ஈரத் துணி கிறீச்சிட்டுக்கொண்டு வந்துவிடும்.

அதற்கும் வராத குண்டுக்குக் கடைசி வழி மெக்கானிக் கடையின் கிரீஸ் கன். கேப்பு வகைத் துப்பாக்கியென்றால் கூம்பைக் கழற்றிவிட்டு அந்த மரையில் கிரீஸ் ஏற்றும் முனையைத் திருகி, நிதானமாக அடிக்க வேண்டும். காற்றை அடைத்தால் அது சுருங்கிச் சக்தியைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரேயடியாக விடும். கிரீஸ் சுருங்காது. ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் ஒரு நூல் என்று குண்டு மேலே ஏறி, வாயில் வந்து பொத்தென்று விழும். குழலைச் சுத்தம் செய்ய அரை நாள் ஆகும், அவ்வளவுதான் கஷ்டம். கம்ப்ரஸர் காற்று, மேல்வாயிலிருந்து துளையிடுவது, அடியைச் சூடாக்கிக் கழற்றப் பார்ப்பது, இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடிப்பது எல்லாம் ஆஸ்பத்திரிக்கு வழி. அடிமூடியைக் கழற்ற வேண்டிய நிலை வந்தால் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

குண்டு வெளியே வந்தபின் வேலை இன்னும் கொஞ்சம் மிச்சம். எண்ணெய்த் துணியைக் கம்பி நுனியில் இறுக்கமாகச் சுற்றி மேலிருந்து கீழே ஒரே சீராகத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இளகினால் குழல் அங்கே வீங்கியிருக்கிறது. அந்தக் குழலில் இனி சுடக் கூடாது. அப்படி இல்லையென்றால் நன்றாகத் துடைத்து, காய்ந்தபின் இரும்புக் கம்பியை உள்ளே விட்டு, காலிக் கோடு குழல் வாயோடு ஒட்டுகிறதா என்று பார்த்து, கொஞ்சம் தூக்கிப் போட்டால் ணங் என்று கேட்க வேண்டும்.